சேர் பக்கவாட்டில் பார்த்தார்

விலங்கியல் சேர் காலமான செய்தி சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. விளக்கைப் போடாமல் கனநேரம் இருந்தேன்.

உயர்தர வகுப்பில் ஒருநாள், கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் கலங்களைப் பற்றி, "ஒளி பட்டதும் கோல் கலம் விழித்துச் சைகை அனுப்பும்" என்று பலகையில் எழுதினேன். சேர் டஸ்டரை எடுத்து முழுவதையும் அழித்தார். "தம்பி, தலைகீழாச் சொல்லுறீர். இருட்டிலதான் அது ஓயாமல் குளுட்டமேற்று எண்ட இரசாயனத்தை விட்டுக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால் குறைக்கும். அந்தக் குறைவுதான் அடுத்த கலத்துக்குச் செய்தி." வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை பலகையடியில் நின்றேன். காது சுட்டது இன்றும் நினைவிருக்கிறது.

அன்றிரவு படிப்பு முடிந்ததும் எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். டோர்ச் கொண்டுவரக் கூடாது. அரைமணி நேரம் சும்மா இருங்கள் என்றார். பகல் ஒளியில் வெளிறிய றொடொப்சின் என்ற கோல்களின் நிறமி, விற்றமின் ஏயிலிருந்து வரும் றெற்றினல் சேர்ந்து மறுபடி உருவாக அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு வானத்தில் மங்கலான ஒரு வெள்ளியைக் காட்டினார். நேரே பார்த்தேன், காணவில்லை. "கொஞ்சம் பக்கத்தாலை பாரும்." பார்த்தேன். சின்னதாய், அசையாமல், அங்கேயே இருந்தது! நேரே பார்ப்பது விழித்திரையில் விழும் இடமான மஞ்சட்பொட்டின் நட்டநடுவில், நல்ல வெளிச்சத்தில் வேலைசெய்யும் கூம்புக் கலங்கள் மட்டுமே. மங்கிய ஒளியை உணரும் கோல்கள் அதைச் சுற்றித்தான். ஒரு கண்ணில் கோல்கள் 12 கோடியளவு, கூம்புகள் 60 இலட்சமளவு. அதையெல்லாம் அந்த இருட்டில் நின்றபடியே சொல்லித் தந்தார். அப்படி ஒரு பாடம் எனக்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை.

பரீட்சை முடிந்தது, புறப்பட்டு வந்துவிட்டேன். முப்பது வருடமாக ஒரு கடிதம் போடவில்லை.

போன வருடம் நண்பன் ஒருவன் வீடியோ அழைப்பில் சேரைக் காட்டினான். அவர் முகத்தை ஒருபுறம் திருப்பி வைத்திருந்தார். கோபமாக்கும் என்று நெஞ்சை அடைத்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"கோபம் ஒண்டும் இல்லைத் தம்பி. மஞ்சட்பொட்டு பழுதாப் போச்சு. நேரே பார்த்தால் உம்மட முகம் இருக்கிற இடத்தில ஒண்டுமில்லை. இப்பிடிப் பார்த்தால்தான் தெரியுறீர்." கொஞ்சநேரம் அப்படியே பார்த்திருந்துவிட்டு, "தலை வெளுத்துப்போச்சே!" என்றார்.

நேரில் வாறன் சேர் என்றேன். வாரும் என்றார். லீவைத் தள்ளித் தள்ளிப் போட்டேன்.