பளு எங்கே போகிறது? ஃபோர்த் கரையில் ஒரு பிற்பகல்

எடின்பரோவிலிருந்து ரயிலேறி டால்மெனியில் இறங்கி, படிகளில் கீழே வந்தால் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ஆற்றுமுகத்தின் தண்ணீர்க்கரை. தலைக்கு மேலே சிவப்பாக 1890-ல் திறந்த ஃபோர்த் ரயில் பாலம், தள்ளி 1964-ல் திறந்த தொங்குபாலம், அதையும் தாண்டி 2017-ல் வந்த குவீன்ஸ்ஃபெர்ரி பாலம். பாலங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படும் யாரும் ஒருமுறையாவது இந்தக் கரையில் வந்து நிற்க வேண்டும்.

நான் அதிக நேரம் நின்றது ரயில் பாலத்தின் அடியில்தான். அதன் உறுப்புகளில் சில பெரிய உருளைக் குழாய்கள், கோபுரத்தின் அடியில் 12 அடி விட்டம். சில வெறும் பின்னல் சட்டங்கள். ஏன் இப்படி? ஒரு கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது இல்லையா, ஒல்லியான குச்சியை இரு முனையிலும் அழுத்தினால் நடுவில் வளைந்துவிடும், அதனால் அமுக்கத்தைத் தாங்கும் இடத்தில் குழாயும் இழுவிசை வரும் இடத்தில் பின்னல் சட்டமும் வைத்தார்கள். எதன் மேல் என்ன விசை வருகிறது என்பதை இப்படிக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

இதை மக்களுக்குப் புரியவைக்க பாலத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான பெஞ்சமின் பேக்கர் காட்டிய ஒரு புகைப்படம் உண்டு. நாற்காலிகளில் இரண்டு பேர் கைகளை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், கைகளுக்கு நாற்காலியிலிருந்து கம்புகள் முட்டுக்கொடுக்கும், நடுவில் தொங்கும் பலகையில் கைச்சி வத்தனபே என்ற ஜப்பானியப் பொறியாளர். கை இழுபடுகிறது, கம்பு அமுங்குகிறது, வெளிப்பக்கக் கைகளில் கட்டிய செங்கற்கள் சமநிலை கொடுக்கின்றன. ஒரு முனையில் மட்டும் பிடிப்போடு நீட்டி நிற்கும் கை, அவ்வளவுதான் கேன்டிலீவர்!

ரயில் பாலத்தை இவ்வளவு கனமாகக் கட்டியதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தின் டே ஆற்றின் மேலிருந்த ரயில் பாலம் புயலில் ரயிலோடு சரிந்தது. காற்றின் அழுத்தத்தை அதில் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதே வடிவமைப்பாளர் ஃபோர்த்துக்காகப் போட்டிருந்த திட்டமும் கைவிடப்பட்டது.

அப்புறம் தொங்குபாலத்தில் ஏறி நடந்தேன். கோபுரங்களுக்கு நடுவே 1006 மீட்டர், தளத்தின் பளுவை இரண்டு பெரிய வடங்கள் தாங்குகின்றன, கோபுரங்கள் அதைக் கீழே இறக்குகின்றன, வடங்களின் இழுப்பு கரைப் பாறையில் போய்ச் சேர்கிறது. 2015 டிசம்பரில் இதை மூட வேண்டி வந்தது. சுழல வேண்டிய ஓர் இணைப்பு ஆணி இறுகிப்போக, பக்கத்து உறுப்பில் விரிசல். அசைய வேண்டியதை அசையவிடாவிட்டால் இரும்பும் உடையும்.

பக்கத்துப் புதிய பாலத்தில் வடங்கள் கோபுரத்திலிருந்து நேராகத் தளத்துக்கு இறங்குகின்றன, நடுவில் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கிடுகின்றன, நடுக்கோபுரம் ஆடாமல் நிற்பது அதனால்தான். எனக்கு மூன்றிலும் அழகானது அதுவே.

ஒரு பஸ் கடந்தது. காலடியில் தளம் லேசாக அதிர்ந்தது. அது அடங்கும் வரை கைப்பிடியில் கை வைத்தபடி நின்றேன்.