காளையின் வயது எங்கே? பால்வினை நோய்க்கு மாடல் போட்ட கதை

என் ஆய்வுக் கட்டுரை ஒருவழியாக ஆய்விதழில் ஏற்கப்பட்டுவிட்டது. மந்தையில் பரவும் பால்வினை நோய்க்குக் கணித மாடல் போட இறங்கியிருப்பவர்களுக்காக, எனக்குக் கடுப்பேற்றிய இடங்களை மட்டும் எழுதுகிறேன். எஸ்ஐஆர் சமன்பாடு (தொற்றக்கூடியவை, தொற்றியவை, மீண்டவை என்று கூட்டத்தைப் பிரித்துக் கணக்கிடுவது) தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அதை எழுதி ஓட்டுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை.

நான் எடுத்துக்கொண்டது மாடுகளின் டிரைக்கோமோனாஸ் நோய். இணைசேரும்போது பரவும் ஒரு செல் ஒட்டுண்ணியால் வருவது. பொலிகாளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நன்றாக மேயும், நன்றாகச் சேரும். கிருமி ஆண்குறியின் உறைத்தோல் மடிப்புகளில் குடியிருக்கும். வயது ஏற ஏற மடிப்புகள் ஆழமாகும் என்பதால் நான்கு வயது தாண்டிய காளை பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். பசுவுக்குத் தொற்றினால் கரு ஆரம்பத்திலேயே போய்விடும். அப்புறம் சில மாதங்களில் தானாகக் குணமாகிவிடும், ஆனால் அந்த எதிர்ப்புச் சக்தி நிலைக்காது, மறுபடியும் தொற்றலாம். ஆக, காளைக்கு ஒரு சமன்பாடு, பசுவுக்கு வேறொன்று. காளையின் வயது இல்லாமல் கணக்கே நகராது.

அந்த வயதுதான் கிடைக்கவில்லை. பரிசோதனைப் பதிவுகள் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்துக்கு முறைப்படி விண்ணப்பித்தேன். வந்த எக்செல் கோப்பில் காதுவில்லை எண், தேதி, 'பாசிட்டிவ்' என்ற சொல், அவ்வளவுதான். ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. நெகட்டிவ் வந்த மாடு ஒன்றுமே இல்லை. நூற்றுக்கு எத்தனை என்று பார்க்க நினைத்தால் நூறையே காணோம். நேரில் போய்க் கேட்டேன். "நோய் இருக்கிற மாடுதானே கேட்டீங்க, இல்லாததை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார் மேசையில் இருந்தவர். வயதுக் கட்டம் படிவத்தில் இருந்ததாம், ஆனால் அதை நிரப்புவது கட்டாயம் இல்லையாம். சரி, மூலப் பதிவேட்டையாவது பார்க்கிறேன் என்றால், அந்த அறையின் சாவி வைத்திருப்பவர் விடுப்பில். அன்றைய பயணம் வீண்.

பதிவேடு கைக்கு வந்தபோதுதான் உயிரே வந்தது. மாதிரி எடுக்கப் போன யாரோ ஒரு மருத்துவர் ஓரத்தில் பென்சிலால் '4 பல்', '6 பல்', '8 பல்' என்று குறித்து வைத்திருந்தார். எட்டு நிலைப்பற்களும் வந்துவிட்டால் நான்கு வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். எனக்கு வேண்டிய கோடு சரியாக அங்கேதான் விழுகிறது! அந்த மருத்துவர் யாரென்று தெரியாது. அவருக்கு ஒரு கும்பிடு.

நீங்கள் விண்ணப்பிக்கும்போது முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள்: மொத்தம் எத்தனைக்குச் சோதனை, பாலினம், வயது, எதற்காகச் சோதித்தார்கள், ஒரே மாட்டுக்கு எத்தனை தடவை. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கல்ச்சர் சோதனை (மாதிரியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஒரு தடவை செய்தால் தொற்றுள்ள காளைகள் சில தப்பிவிடும். வார இடைவெளியில் மூன்று முறை எடுக்கும் வழக்கம் அதனால்தான் வந்தது. ஒற்றை நெகட்டிவை 'நோயில்லை' என்று மாடலில் ஏற்றினால் காளைகளின் தொற்று விகிதம் குறைந்து தெரியும்.

அடுத்த தலைவலி, கைமாறிக் கைமாறி எனக்கு வந்த ஒரு கோட், அதாவது மாடலை ஓட்டும் கணினி நிரல். அதில் காளைக்கும் பசுவுக்கும் தனித்தனியாக இணைசேரும் வீதத்தை நிலையான எண்ணாக வைத்திருந்தார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு காளையும் ஒரு பசுவும் உண்டு. இரண்டு பக்கத்து மொத்தமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? 100 பசு, 4 காளை, பசு ஒவ்வொன்றும் மாதம் 2 முறை என்றால் மொத்தம் 200 சேர்க்கை, காளைக்கு 50. காளைகளைப் பாதியாக்கினால் மிச்சமுள்ள ஒவ்வொன்றுக்கும் 100. பசுக்களின் வீதம் மாறாதவரை, அடிப்படைப் பெருக்க எண் (நோயுள்ள ஒரு மாடு சராசரியாக எத்தனை மாடுகளுக்குத் தொற்ற வைக்கும் என்பது) 1.41 மடங்காகிறது, ஏனென்றால் இருபாலின மாடலில் அது இரு திசைப் பரவல்களின் பெருக்கலுக்கு வர்க்கமூலம். பழைய கோட் இதற்கு நேர்மாறாக, சோதிக்காமல் காளைகளை விற்றாலே நோய் குறையும் என்று காட்டிக்கொண்டிருந்தது. கையில் கிடைக்கும் எந்த கோடிலும் முதலில் இந்தச் சமநிலையைத் தேடுங்கள்.

கூடவே இன்னொன்று. சினைப்பசு சுமார் ஒன்பது மாதம் சேர்க்கைக்கு வராது. கரு கலைந்த பசு மறுபடி பருவத்துக்கு வந்து காளையிடம் போகும். நோய் வந்த பசுதான் அதிகம் சேர்கிறது! சினைப்பசுக்களைத் தனிப் பெட்டியாக, அதாவது தனிப் பிரிவாகக் கணக்கிடாத மாடலில் இது தெரியவே தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு ரிவ்யூவர் (ஆய்விதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடுபவர்), "மந்தையின் அடர்த்தி ஒரு வரம்புக்குக் கீழே போனால் நோய் அற்றுப்போகும், அந்த வரம்பை ஏன் கணக்கிடவில்லை?" என்று கேட்டார். சளிக்காய்ச்சலுக்குக் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே பசுவின் ஆபத்து எத்தனை மாடுகள் இருக்கின்றன என்பதில் இல்லை, காளைகளில் என்ன பங்குக்குத் தொற்று என்பதில் இருக்கிறது. மந்தை சுருங்கினாலும் பருவத்துக்கு வந்த பசு காளையைத் தேடிப் போகும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் வாழும் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குகளின் முகப்புற்றைச் சுட்டிக்காட்டினேன். 1996இல் முதலில் கண்ணில் பட்ட அந்த நோய் கடிப்பதால் பரவுகிறது, இனப்பெருக்கக் காலத்தில் கடி அதிகம். பல இடங்களில் விலங்குகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தும் நோய் போகவில்லை. (முழு அழிவு வரும் என்று சொன்ன ஆரம்பகால மாடல்களும் பலிக்கவில்லை என்பதையும் எழுதினேன். அதை மறைத்தால் அடுத்த சுற்றில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.)

சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் சால்வர் நிரல் ஒரு கட்டத்தில் காளைகளின் எண்ணிக்கையை மைனஸில் காட்டியது. காலப்படியைச் சிறிதாக்கியதும் சரியாகிவிட்டது.

இரண்டாம் சுற்றில் அதே ரிவ்யூவர், செயற்கைக் கருவூட்டலுக்கு மாறினால் பரவல் பூச்சியம்தானே, பிறகு மாடல் எதற்கு என்றார். இந்தக் கிருமி உறையவைத்த விந்திலும் பிழைக்கும் என்று ஒரே வரியில் பதில் எழுதி, விந்து கொடுக்கும் காளையைச் சோதித்தால் ஒன்று, சோதிக்காவிட்டால் ஒன்று என்று இரண்டு வளைகோடுகளை ஒரே படத்தில் போட்டு அனுப்பினேன். அதற்கு மேல் அவரிடமிருந்து கேள்வி வரவில்லை.