பார்த்தாச்சுங்க மச்சான்

மே மாத லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து தங்கை குடும்பம் மண்டபத்துக்கு வந்திருந்தது. ஊர் சுற்றுவதில் மாப்பிள்ளைக்கு நம்பிக்கை கிடையாது. "எல்லாம் யூடியூப்ல பார்த்தாச்சுங்க மச்சான். ட்ரோன்ல எடுத்திருக்கான். நேர்ல போனா அந்த ஆங்கிள் வருமாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியவில்லை. பாம்பன் பாலத்தை உள்ளூர்க்காரன் எவன் விழித்துக்கொண்டு தாண்டியிருக்கிறான்?

தங்கை விடவில்லை. வேன் பிடித்தோம்.

ரோட்டுப் பாலத்தின் நடுவில், எல்லாரையும் போல நாங்களும் ஓரங்கட்டினோம். "1914ல கட்டுன பழைய ரயில் பாலம் நடுவுல ரெண்டாப் பிரிஞ்சு தூக்கிட்டிருந்துச்சுங்க. போன வருஷம் 2025ல திறந்தாங்களே, இந்தப் புதுசுல நடுத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேல போகும்" என்று மாப்பிள்ளை எனக்கே பாடம் எடுத்தார்.

"எப்பப்பா தூக்கும்?" என்றான் மருமகன்.

"கப்பல் வந்தா."

கப்பல் வரவில்லை. சோழகக் காற்றுதான் வந்தது. மாப்பிள்ளையின் தொப்பி ஒரு குட்டிக்கரணம் போட்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பாக் நீரிணையைப் பார்க்கப் போய்விட்டது.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம். மூன்றாம் பிரகாரத்துத் தூண்கள் 1,212 என்று சொல்ல அவர் வாயைத் திறந்த நேரம், முதல் வாளித் தண்ணீர் நேராக உள்ளே போனது. எட்டாவது கிணற்றுக்கு அப்புறம் புள்ளிவிவரம் எதுவும் வரவில்லை.

தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயலில் இடிந்த சர்ச் சுவரை மருமகன் விரலால் நோண்டிப் பார்த்தான். பவளக்கல், தேனடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மாப்பிள்ளையும் ஓர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அரிச்சல்முனையில் இறங்கியதும் அவர் போனில் 'டொய்ங்'. இலங்கைக்கு நல்வரவு!

"மச்சான், ரோமிங்குங்க! காசு போயிருமுங்க!" என்று பதறி, நெட்டை அணைத்து, அதிலும் திருப்தியில்லாமல் போனையே அணைத்து டவுசர் பாக்கெட்டுக்குள் அமுக்கினார். இடப்பக்கம் குளம் மாதிரி பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல் மண்ணை அறைந்துகொண்டிருந்தது.

"ஒரு போட்டோ எடுங்களேன்" என்றாள் தங்கை.

"சும்மா கண்ணால பாரு புள்ள."

வெகுநேரம் நின்றார். நகரை மீன் வறுவல் ஆறுகிறது என்று நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

திரும்பும்போது ரயில் சரியாக நடுப்பாலத்தில் போனதாம், மாப்பிள்ளை எழுந்து நின்று கத்தினாராம். நான் தூங்கிவிட்டேன்.