மகளுக்கு டூயல் கிரெடிட்: டெக்சாஸில் எங்கள் அனுபவம்

ஒரே பாடம் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். அதுதான் டூயல் கிரெடிட். என் மகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் ஒரு கம்யூனிட்டி கல்லூரி (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர் அரசுக் கல்லூரி) வழியாக இப்படிப் படித்தே பட்டப்படிப்பின் ஒரு பங்கை முடித்துவிட்டாள். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும். அதில் 30 குறைந்தால் ஓராண்டுக் கட்டணம் மட்டுமல்ல, விடுதி வாடகை, சாப்பாட்டுச் செலவும் மிச்சம்.

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன், அவள் சேர விரும்பிய பல்கலைக்கழகங்களின் டிகிரி பிளானை, அதாவது பட்டத்துக்குத் தேவையான பாடங்களின் பட்டியலை, எடுத்து வைத்துக்கொண்டோம். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் எந்தத் துறை படித்தாலும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியல் 6 கிரெடிட் சட்டப்படி கட்டாயம். ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் அநேகமாக எல்லாருக்கும் உண்டு. பள்ளியிலும் இவற்றை எப்படியும் படித்தாக வேண்டும். அதனால் இவற்றையே முதலில் எடுத்தாள். வரலாறு 1301 என்ற எண், மாநிலத்தின் எந்தக் கம்யூனிட்டி கல்லூரியிலும் அதே பாடத்தைத்தான் குறிக்கும். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றுவது சுலபம். தனியார், வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள் அப்படியல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பதிவு செய்வதில் பெரிய சிரமம் இல்லை. பள்ளிக் கவுன்சிலரின் ஒப்புதல், அப்ளை டெக்சாஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பம், டிஎஸ்ஐ தேர்வு (கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் மாநிலத் தேர்வு). எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் போதிய மதிப்பெண் இருந்தால் டிஎஸ்ஐயும் வேண்டாம். இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு, 2023இல் வந்த ஃபாஸ்ட் என்ற மாநில நிதியுதவித் திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் கட்டணமே கிடையாது. எங்களுக்கு அது பொருந்தவில்லை. ஆனாலும் கட்டியது பல்கலைக்கழகக் கட்டணத்தில் சிறு பகுதிதான்.

பெற்றோர் நன்றாக யோசிக்க வேண்டியது மதிப்பெண் விஷயம். இந்த மார்க் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (அதிகாரபூர்வ மதிப்பெண் பதிவேட்டில்) நிரந்தரமாக நிற்கும். பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், பதினாறு வயதில் வாங்கிய சி கிரேடும் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) கணக்கில் வரும். நம் வீடுகளில் மருத்துவக் கனவு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாடம் கடினமாகப் போனால் கடைசித் தேதிக்குள் விலகிவிடலாம். அந்தத் தேதியை முதல் வாரமே குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பதிவேடுகளில் உரிமை மாணவருக்குத்தான், வயது பதினெட்டு ஆகாவிட்டாலும். அதனால் மகள் சம்மதப் படிவம் கொடுத்த பிறகுதான் கல்லூரி அலுவலகத்தில் என்னிடம் பேசினார்கள். அவளே பேராசிரியருக்கு எழுதி, அவளே சந்தேகம் கேட்டுப் பழகியது எனக்குப் பணத்தைவிடப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

கால்குலஸை மட்டும் ஏபியாகப் படித்தாள். பள்ளியிலேயே படித்து, ஒரு பொதுத் தேர்வு எழுதிக் கல்லூரிக் கிரெடிட் பெறும் முறை அது. மே மாதத் தேர்வில் மதிப்பெண் குறைந்தாலும் கல்லூரி ஜிபிஏ கெடாது. கிரெடிட்டை ஏற்பதா, முதலாண்டில் மறுபடி படிப்பதா என்று அவள் பல்கலைக்கழகம் அவளிடமே விட்டுவிட்டது. துறைக்கு அடிப்படையான பாடத்துக்கு இந்த வசதி நல்லது.

இவ்வளவு கிரெடிட் சேர்த்தால் புதிய மாணவருக்கான உதவித்தொகை போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். பள்ளி முடிக்கும் முன் எடுத்தவை என்றால் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் புதிய முதலாண்டு மாணவராகவே விண்ணப்பிக்கலாம்.

அப்புறம், பள்ளி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் போதாது. கம்யூனிட்டி கல்லூரியிலிருந்தும் தனியாக அனுப்பச் சொல்ல வேண்டும். கடைசிப் பாடத்தின் கிரேடு ஏறிய பிறகே அதைக் கேளுங்கள்.