அறிக்கைக்கும் மாத்திரைக்கும் நடுவே

"பெரிசா பலன் இருக்காதுன்னு ரிப்போர்ட் சொல்லுது, பிறகு எதுக்கு டாக்டர் அந்த மாத்திரை?" என்று அந்த மகள் கேட்டதற்கு, "அது சராசரிக் கணக்கு அம்மா, உங்கள் அப்பா சராசரி இல்லையே" என்றேன். அந்தப் பதிலை இன்றும் மனத்துக்குள் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தந்தைக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய புற்றுக்கட்டி. அறுவைக்குப் பின் வந்த அறிக்கையில், கட்டியின் எம்.ஜி.எம்.டி. மரபணுவில் மெத்திலேற்றம், அதாவது மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகள் படிவது, இல்லை என்றிருந்தது. மகள் கேட்ட மாத்திரையான டெமோசோலோமைடு புற்றணுவின் டி.என்.ஏ.வில் உண்டாக்கும் சேதத்தைச் சரிசெய்வதே எம்.ஜி.எம்.டி. புரதத்தின் வேலை. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகள் படிந்த கட்டிகளில் அந்தப் புரதம் உருவாவது அடங்கிவிடுவதால் சேதம் நிலைத்து, மருந்து பலிக்கிறது. மரபணுவின் எழுத்து வரிசை மாறாமலே, ஒரே பெயருள்ள நோயில் ஒருவருக்குக் கைகொடுக்கும் மருந்து இன்னொருவருக்குப் பெரிதாக உதவாமல் போகிறது. 2005-இல் வெளியான ஆய்வில், மெத்திலேற்றம் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்), கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 15.3 மாதங்களாகவும், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 21.7 மாதங்களாகவும் இருந்தது. மெத்திலேற்றம் இல்லாதவர்களில் அது 11.8, 12.7 மட்டுமே.

இந்த எண்களை நான் மறைக்கவில்லை. மெத்திலேற்றம் உண்டு, இல்லை என்று அறிக்கை இரண்டாகப் பிரித்தாலும், உண்மையில் அது கூடியும் குறைந்தும் இருப்பது. கோட்டை எங்கே போடுவது என்பதில் ஆய்வகங்களே ஒத்துப்போவதில்லை. அந்த மாத்திரையைவிடச் சிறந்த வேறு மருந்தும் கையில் இல்லை. ஆயினும் சராசரியாக இல்லாத ஒருவருக்குப் பலன் கூடலாம் என்றால், அறவே இல்லாமலும் போகலாம் அல்லவா? குமட்டலும் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் குறைவும் மட்டும் அவருக்கு மிஞ்சலாம். முதியோரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வுகளை வைத்து, அவருக்கு எழுபது கடந்திருந்தால், இதே அறிக்கையைக் காட்டி மாத்திரையை விட்டுவிடச் சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவருக்கு அவ்வளவு வயதாகவில்லை.

சில மாதங்களில் கட்டி மீண்டும் வளர்ந்தது. மருந்து பலிக்கவே இல்லையா, பலித்ததன் அளவே அவ்வளவுதானா என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது. மகளும் கேட்கவில்லை.

இப்போது அதே அறிக்கையோடு வருகிறவர்களிடம் எண்களை முதலில் சொல்லி, என் கருத்தைக் கடைசியில் சொல்கிறேன். அப்படியும் பலர் மாத்திரையைத்தான் கேட்கிறார்கள். அது அவர்களுடைய விருப்பமா, என் குரலில் கலந்துவிடும் விருப்பமா என்பதை என்னால் பிரித்தறிய முடியவில்லை.