லாசிக்ஸ் ஊசியும் மூன்று கேள்விகளும்

நர்சிங் படிக்கும்போது, சிறுநீரை அதிகமாக்கி உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றும் டையூரெடிக் மருந்துகளை நான் ஓர் அட்டவணையாகத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். லூப் வகை, தயாசைடு, பொட்டாசியத்தைத் தக்கவைப்பவை, மேனிடால். தேர்வில் எழுதினேன், மார்க்கும் வந்தது. வார்டில் அதை வைத்து ஒரு ஊசிகூட ஒழுங்காகப் போட முடியவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் தனியாக மருந்து கொடுக்க சீனியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வாய்த்த அக்கா அதிகம் பேசமாட்டார். முதல் நாள், இதயம் பலவீனமான ஒரு பெரியவருக்கு லூப் வகை மருந்தான லாசிக்ஸ் 40 மில்லிகிராம், நரம்பு வழியாக. மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"பிபி எவ்வளவு? பொட்டாசியம் எவ்வளவு? இன்னைக்கு எடை பாத்தியா?"

மூன்றுக்கும் பதில் இல்லை. "அப்ப சிரிஞ்சை ட்ரேயில வை" என்றார்.

ரிப்போர்ட்டைப் புரட்டினால் பொட்டாசியம் 3.1. 3.5-க்குக் கீழே போகக் கூடாது. அந்தப் பெரியவர் டிகாக்ஸின் என்ற இதய மருந்தும் சாப்பிடுபவர். லாசிக்ஸ் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் வெளியேற்றும்போது பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் நஞ்சாகி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். டாக்டரைக் கூப்பிட்டோம். பொட்டாசியத்தைச் சரிசெய்த பிறகுதான் ஊசி. அதையும் இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்த வைத்தார் அக்கா. வேகமாகப் போனால் காதில் இரைச்சல் வரும், கேட்கும் திறனே பாதிக்கப்படலாம். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

எடை விஷயம் எனக்குப் பிடிபட நாளானது. சிறுநீர் அளவு சார்ட்தான் இருக்கிறதே, எதற்கு தினமும் மெஷினில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பாட்டியின் சார்ட்டில் குடித்ததைவிடப் போனது அதிகம் என்று இருந்தது, எடையோ 1.2 கிலோ கூடியிருந்தது. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. விசாரித்தால், பக்கத்தில் வைத்திருந்த பாட்டிலில் அவர் குடித்த தண்ணீரை யாருமே எழுதவில்லை. ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். அன்றிலிருந்து காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே மெஷின்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வேலை குவிந்து, மதியம் இரண்டு மணிக்குத் தர வேண்டிய இரண்டாவது லாசிக்ஸ் மாத்திரையை இரவு எட்டுக்குக் கொடுத்தேன். அந்த அம்மா ராத்திரி நான்கு முறை எழுந்தார். நான்காவது முறை தலை சுற்றி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். படுத்தபோது 118 இருந்த பிபி நின்றதும் 92. நல்லவேளை விழவில்லை. டாக்டரிடம் சொல்லி, தவறு அறிக்கையும் எழுதிக் கொடுத்தேன்.

இன்னொரு நாள், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் வகையான ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவரிடம், "நீர் மாத்திரைதானே, வாழைப்பழம் நிறைய சாப்பிடுங்க" என்றேன். அக்கா முறைத்தார். அது பொட்டாசியத்தை ஏற்றிவிடும் மருந்து, வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம்!

கடைசி நாள் அக்கா கேட்கும் முன்பே சொன்னேன்: பிபி 124/76, பொட்டாசியம் 4.2, எடை நேற்றைவிட 800 கிராம் குறைவு. ஊசியையும் மெதுவாகப் போட்டு முடித்தேன். பேனாவைத் திறந்தவர் நிறுத்தி, "அஞ்சு நிமிஷத்துல அவருக்கு வந்துடும், யூரினல் எங்கே?" என்றார். படுக்கையிலேயே சிறுநீர் கழிக்க உதவும் அந்தப் பாத்திரம் எட்டாத தூரத்தில், ஜன்னலோரம் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். அப்புறம்தான் கையெழுத்து.