கரையேறின சூட்டோடு கணக்குப் பேசாதீங்க

ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ விடியற்காலையில் கரையில் அடிதடி என்றால், "குடிச்சிருப்பான்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குடிக்காத ஆளும்தான் கை ஓங்குகிறான். முந்தின நாள் காலையில் விசைப்படகில் ஏறி, ராத்திரி முழுக்க மடிவலை இழுத்து, தூக்கமில்லாமல் இறங்குகிறான். பெட்டிகளை இறக்கி, ஏலம் முடிந்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஆனபின் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, கணக்கு நோட்டை விரிக்கிறார். டீசல், ஐஸ், முன்பணம் என்று ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். "போன தடவை வாங்கின ரெண்டாயிரத்தையும் சேர்த்துட்டேன்ப்பா." வெடிப்பது இந்த வரியில்தான்.

பெட்டி தூக்கும்போதே ஏன் வெடிக்கவில்லை? 1970-களில் டால்ஃப் ஸில்மன் என்ற உளவியலாளர் ஆட்களை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார். மிதித்த உடனே சீண்டினால், நெஞ்சு படபடப்பது மிதித்ததால்தான் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. சில நிமிடம் போனபின் மூச்சு சீராகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் உடம்புக்குள் சூடு மிச்சமிருக்கும். அப்போது சீண்டினால் அந்தச் சூடு முழுக்கக் கோபத்தின் கணக்கில் ஏறிவிடும். நோட்டு திறக்கிற நேரமும் சரியாக அதுதான்.

இன்னொன்று, நடந்ததற்கு நாம் கொடுக்கிற அர்த்தம். நாட்டுப்படகுக்காரர் விடியலில் போய்ப் பார்த்தால் வலை அறுந்து கிடக்கிறது. நீரோட்டம் கடலடிப் பாறையில் கொண்டுபோய் மாட்டியிருக்கலாம். இருட்டில் மிதவை தெரியாமல் விசைப்படகு ஏறியிருக்கலாம். மனசு நேரே "வேணும்னே அறுத்துட்டானுங்க" என்றுதான் போகும். கென்னத் டாட்ஜ் என்ற உளவியலாளர் 1980-ல் சிறுவர்களிடம் இதைச் சோதித்தார். வேண்டுமென்றே செய்ததா, தவறிப்போய் நடந்ததா என்று தெளிவாகத் தெரிந்தபோது முரட்டுப் பையன்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். எது என்று தெரியாதபோதுதான் முரடர்கள் பகையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஏமாற்றம் மட்டும் அடிதடியாகிவிடாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லா விசைப்படகும் கட்டித்தான் கிடக்கிறது. அதற்காகப் பக்கத்துப் படகுக்காரனை யாரும் அடிப்பதில்லை. காற்று எச்சரிக்கையால் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் இல்லை என்றால் முணுமுணுப்போடு போகும். அவனுக்குக் கொடுத்து எனக்கு மறுத்தால்தான் கை நீளும். காரணம் தெரிந்த ஏமாற்றத்தைவிட, காரணமில்லாமல் வஞ்சிக்கப்பட்டதாகத் தோன்றும் ஏமாற்றமே அதிகம் கொதிக்கவைக்கும் என்று பாஸ்டோர் என்ற ஆய்வாளர் 1952-லேயே காட்டிவிட்டார். ஆகவே மறுக்கிறவர் காரணத்தைச் சத்தமாக, எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடுவது அவருக்கே நல்லது.

"கத்தித் தீர்த்துட்டா கோபம் போயிரும்" என்பது நம் ஊரில் எல்லோரும் நம்புகிற பொய். பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் 600 மாணவர்களை வைத்துப் பார்த்தார். கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் மற்றவர்களைவிடக் கோபம் அதிகம். ரெண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் முரட்டுத்தனம் மிகக் குறைவு. கோபத்தை ஆறவைக்க ஓடுவதும் குத்துவதும் உதவாது. உடம்பின் வேகத்தை இறக்கவேண்டும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும், ஆனால் அதன்பின் இருபது நிமிடமாவது அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

எதிரே ஒருவன் கொதிக்கிறான் என்றால் அடையாளம் உண்டு. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வான், தாடை இறுகும், ஒவ்வொரு தடவையும் அரை அடி முன்னால் வருவான். பின்னாலிருந்து கட்டிப்பிடிக்காதீர்கள், பிடிபட்ட உடம்பு திமிறும், அந்தத் திமிறலும் கோபத்தோடு சேரும். நாலு பேர் சேர்ந்து சமாதானம் சொன்னால் அவனுக்கு அது கூட்டமாக நெருக்குவதாகத்தான் படும். ஒருவர் மட்டும், பக்கவாட்டில் நின்று, பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி கேட்கவேண்டும். "வலை எத்தனை பாகத்துல கிடந்துச்சு மச்சான்?" பாகம் என்பது ஆழக் கணக்கு, அதைச் சொல்ல யோசித்தாக வேண்டும், யோசிக்கிற அந்த நொடியில் கை தாழும். இதற்கிடையே மீன் வெட்டுகிற கத்தி யார் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு கண் பார்த்து, சத்தமில்லாமல் எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் கொதிப்பில் அடிப்பவனுக்கு. வட்டி வசூலுக்கு வந்து வாசலில் நின்று கத்துகிறவனிடம் மூச்சுப்பயிற்சி பேசிப் பயனில்லை. அவன் நாடித்துடிப்பு ஏறவே இல்லை. அந்தச் சத்தம் அவன் தொழில். கத்தினால் காரியம் நடக்கும் என்று தெரிந்து கத்துகிறான். அங்கே சாட்சியும் எழுத்தும் புகாரும்தான் பேசும்.

சம்மாட்டி நோட்டைச் சாயந்தரம் அஞ்சு மணிக்குத் தள்ளலாம். ஒரு சிக்கல், வீட்டில் அரிசிக்குக் காலையிலேயே காசு வேண்டும். வெறுங்கையோடு "அப்புறம் வா" என்றால் அதுவே வஞ்சகமாகப் படும். ஐந்நூறை முதலில் கையில் வைத்துவிட்டுச் சொல்லவேண்டும்: "போய்த் தூங்கி எந்திரிச்சு வாய்யா, மிச்சத்தை ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்."